பூனைப்பருந்து இறங்கும் தரிசு

பரணிலிருந்த சாக்குப்பையை இறக்கி வாயைப் பிரித்தேன். பருத்திக்கொட்டை வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. எண்ணெய் காறிப்போன வாடை. உள்ளே நீ தைத்துப் போட்ட ஏழு குட்டி மூட்டைகள். பழைய உள்பாவாடைத் துணியில் பருத்திக்கொட்டையை அடைத்து, வாயைக் கோணலும் மாணலுமாகத் தைத்து வைத்திருக்கிறாய். தையலில் உனக்கு எப்போதும் பொறுமை கிடையாது. வேன் ஜன்னலில் இதைப் போட்டு, மேலே கேமராவின் நீட்டு லென்ஸைக் கிடத்தினால் கை ஆடாது, படம் கலங்காது.

நான் இதற்கென்றே விற்பதை ஆன்லைனில் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன். ஜிப் வைத்தது, பச்சையும் காக்கியுமாகத் திட்டுப் போட்டது. ஒருத்தர் அதைத் தொடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் உன் மூட்டைக்குத்தான் கை நீட்டினார்கள். "ஞாயித்துக்கெழம போறப்ப இதப் பிரிச்சுப் பருத்திப்பால் காய்ச்சிக் குடிச்சிட்டுப் போயிரலாம்" என்பாய், வேனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் வயிறு எரியும். உன்னிடம் ஒருநாளும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பதினோரு மார்கழி நாம் சேர்ந்து பறவைப் படம் எடுக்க ஆட்களைக் கூட்டிப்போனோம். பதினோரு மார்கழியும் எனக்கு உன் மேல் பொறாமை.

நீ போய் இது இரண்டாவது மார்கழி. போன வருஷம் யாரையும் கூட்டிப்போக மனம் வரவில்லை. இந்த வருஷம் வருகிற சனிக்கிழமைக்கு ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பழைய ஆட்கள். போன் எடுத்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா இல்லாம எப்படி மேடம்?" பார்த்துக்கலாம் வாங்க என்றேன்.

இந்த அக்காவும் மேடமும்தான் எனக்கு ஆகாது. ஆறு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். என்ன லென்ஸ் கொண்டுவர வேண்டும், வெள்ளைச் சட்டை ஏன் கூடாது, தை மாதப் பனிக்குக் காதை எப்படி மூட வேண்டும் என்று ஒவ்வொருத்தருக்கும் மெயில் எழுதியவள் நான். மதுரை ஜங்ஷனில் விடிகாலை ரயிலுக்குப் பெயர்ப்பட்டியலோடு போய் நின்றவளும் நான்தான். முதல் இட்லி உள்ளே போவதற்குள் நீ அவர்களுக்கு அக்கா ஆகிவிடுவாய். நான் ஞாயிறு சாயங்காலம் அவர்கள் ரயிலேறும்வரை மேடம்.

ஆரம்பமே அப்படித்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் விலங்கியல் டீச்சர், நீ ஆபீஸ் கிளார்க். இயற்கை மன்றத்துப் பிள்ளைகளைக் கண்மாய்க்குக் கூட்டிப்போகும்போது துணைக்கு ஒரு பெண் ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியை உன்னை அனுப்பிவைத்தார். நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்து அரைமணி நேரமாக ஒரு மீன்கொத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டே, "டீச்சர், அந்தக் கருவேலமரத்து ரெண்டாவது கொப்புல ஒண்ணு உக்காந்திருக்கு. நீங்க தேடுறது அதுவா பாருங்க" என்றாய். அதுதான். அந்தப் பறவையின் தமிழ்ப்பெயர், ஆங்கிலப்பெயர், லத்தீன் பெயர் மூன்றும் எனக்குத் தெரியும். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. பிள்ளைகள் அன்றைக்கே உன் பின்னால் போய்விட்டார்கள்.

வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போகலாம் என்ற யோசனை என்னுடையது. அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் இடம் உன்னுடையது. டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே நீ பிறந்த ஊர். சமயநல்லூரில் வாக்கப்பட்டு முப்பது வருஷம் ஆகியும் அந்தக் கரிசலில் எந்த மூலையில் என்ன முளைத்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். அங்கே ஒரு பெரிய தரிசு. மதுரை டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி வாங்கிப்போட்டு, விதைக்காமல் விட்டது. இடுப்பளவு புல் நிற்கும். மார்கழியும் தையும் வெளிநாட்டுப் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் சுற்றுவட்டார மானாவாரிக் காடுகளில் இரை தேடிவிட்டு, பொழுது சாய அங்கே வந்து புல்லுக்குள் இறங்கிப் படுக்கும். மரத்தில் அடையாத பருந்து அது, தரையில்தான் தூங்கும். இதை நான் வகுப்பில் இருபது வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கண்ணால் காட்டியவள் நீ.

உன் சட்டம் ஒன்றே ஒன்று. வரப்பில் உடைமரத்தடியில் உட்கார வேண்டும், வரப்பைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. "இது அதுக படுக்கிற ரூம்பு டீச்சர். நம்ம வாசல்ல உக்காந்து பாப்போம்" என்று முதல்நாளே சொல்லிவிட்டாய். அஞ்சரைக்கு மேல் ஒன்று வரும். பக்கத்துக் காட்டுப் பருத்திச்செடியை உரசுகிற உயரத்தில், சிறகை அசைக்காமல் மிதந்து வரும். அப்புறம் இன்னொன்று. சாம்பல் நிறத்தில் ஆண், மண் நிறத்தில் பெண். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புல்லுக்குள் பொத்தென்று இறங்கும். தூரத்தில்தான். படத்தில் கட்டைவிரல் நகம் அளவுதான் கிடைக்கும். இருந்தாலும் ஆறு பேரும் கேமராவை இறக்கிவிட்டு வாய்பிளந்து பார்ப்பார்கள். கடைசிப் பறவை இறங்கியதும் எல்லாரும் திரும்பி உன்னைப் பார்ப்பார்கள், நீதான் அதை இறக்கிவிட்டாய் என்பதுபோல. நான் என் குறிப்பேட்டில் எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கடைசித் தை மாதத்துக்கு வருகிறேன். பொங்கல் கழிந்த வாரம். உனக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டு டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உனக்கு நோவு வந்ததற்கு இல்லை. இரண்டு நாள் வேனில் நீ இருக்கமாட்டாய் என்பதற்கு. டெஸ்டில் என்ன வரும் என்று நினைத்தே பார்க்கவில்லை. வயிற்றுவலிதானே, கண்டதைத் தின்றிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

நீ இல்லை என்றதும் ஆறு பேர் முகமும் தொங்கிப்போனது. சனிக்கிழமை நாலரைக்கு அந்த வரப்பில் போய் இறங்கினோம். பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தர், மூன்றாவது தடவை வருகிறவர், என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் தூரத்துல பொட்டு மாதிரிதான் கிடைக்குது மேடம். அக்கா உள்ள விடமாட்டாங்க. நீங்களாவது மனசு வைங்க."

நான் மனசு வைத்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கண்மாய்க்கரையில் மறைவலை போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தால் வாத்துகள் பத்தடி பக்கத்தில் வந்து மேயும். அதே மாதிரி, பருந்துகள் வருவதற்கு ஒரு மணிநேரம் முன்பே புல்லுக்குள் போய் வலைக்கடியில் உட்கார்ந்துவிட்டால் அவற்றுக்கு எப்படித் தெரியும்? இரை தேடி வருகிற பறவை வேறு, படுக்க வருகிற பறவை வேறு என்று டீச்சருக்குத் தோன்றவில்லை. ஆறு பேரையும் வரப்பைத் தாண்டி, தரிசின் நட்டநடுவில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். கேமரா ஸ்டாண்டு ஊன்றவும் ஸ்டூல் போடவும் புல்லை மிதித்து இடம் செய்துகொடுத்ததும் நான்தான்.

அவை வந்தன. தலைக்கு மேலே, முகத்துக்கு நேரே வந்தன. இறங்கப் போவதுபோல் காலை நீட்டிவிட்டு மறுபடி மேலே ஏறின. சுற்றின, திரும்பச் சுற்றின. கேமராக்கள் ஓயவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒவ்வொன்றாக மேற்கே போய்விட்டன. ஒன்றுகூட இறங்கவில்லை. அதை நான் கவனித்தேன், மற்றவர்கள் கவனிக்கவில்லை. திரும்பும்போது வேனில் எல்லாரும் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூர்க்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, பதினஞ்சு வருஷத்தில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்றார். அந்த ஒருமணி நேரம் நான் நீயாக இருந்தேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வரப்பிலேயே உட்கார்ந்தோம். ஒரு பறவை வரவில்லை. ஏன் மேடம் என்று கேட்டார்கள். பக்கத்துக் காட்டில் ஒரு ஆட்டுக்கிடை கிடந்தது. என் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "ஆட்ட உள்ள விட்டிருப்பாங்க. புல்லெல்லாம் மிதிபட்டுக் கெடக்கு பாருங்க." மிதிபட்ட புல் நாங்கள் மிதித்தது. அவர்களில் ஒருத்தர் அதைப் படம்பிடித்து, ஆடுகளையும் சேர்த்துப் படம்பிடித்து, எத்தனையோ ஆயிரம் மைல் பறந்து வந்த பறவைகளை ஒரு ஆட்டுக்காரர் விரட்டிவிட்டார் என்று இன்டர்நெட்டில் எழுதிப் போட்டுவிட்டார். அது சுற்றிச் சுற்றி டவுன் முதலாளி கண்ணில் பட்டது. தன் நிலத்தில் சீமைப் பருந்து வந்து படுக்கிறது என்று அவருக்குப் பெருமை. அந்த ஆட்டுக்காரர் இனி என் எல்லையில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரெல்லாம் வெள்ளாமை நிற்கிற மாதம். அந்தத் தரிசையும் அதன் ஓரத்தையும் விட்டால் மந்தைக்குப் போக்கிடம் கிடையாது. இவ்வளவும் எனக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ போன் செய்தாய். எத்தனை இறங்கியது டீச்சர் என்று கேட்டாய். உனக்கும் அதே ஆட்டுக்கதையைத்தான் சொன்னேன். சரி டீச்சர், பனியில நிக்காதீங்க என்று வைத்துவிட்டாய்.

பதினைந்து நாள் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமயநல்லூருக்கு உன்னைப் பார்க்க வந்தேன். நோயாளியைப் பார்க்க வந்தேனா, படத்தைக் காட்ட வந்தேனா என்று கேட்டால் படத்தைக் காட்டத்தான். நீ பாதியாக வற்றியிருந்தாய். படம் நல்லா வந்துச்சா டீச்சர் என்று நீயே கேட்டாய். பெங்களூர்க்காரர் அனுப்பிய படத்தைத் திறந்தேன். ஆண் பருந்து, மஞ்சள் கண், நேருக்கு நேர். நீ வெகுநேரம் அதையே பார்த்தாய். "நம்மளப் பாக்குது டீச்சர்" என்றாய்.

நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். அதற்கும் மேலே, உனக்கும் கடைசியில் என் மேல் பொறாமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன்னோடு எடுத்த பதினோரு வருஷப் படங்களில் ஒரு பூனைப்பருந்துகூட கேமராவைப் பார்த்ததில்லை என்பது வீட்டுக்கு வந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆள் இருப்பது தெரிந்தால்தானே அது பார்க்கும்.

ஆடி பிறந்ததும் நீ போய்விட்டாய். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேனில் இரண்டே நாள் உன்னோடு சுற்றியவர்கள் அவர்கள், ஆனால் சொந்தக்காரர்களைவிட அதிகமாக அழுதார்கள். உன் தலைமாட்டில் நின்றுகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். செத்தவள் மேல் பொறாமைப்படுகிற ஒருத்தியை நீ உன் வாழ்நாளெல்லாம் டீச்சர், டீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறாய்.

போன வாரம், சனிக்கிழமைக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று அந்தத் தரிசுக்குப் போனேன். இந்த வருஷம் பறவைகள் இறங்குகின்றன. வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டுக்காரர் பக்கத்துக் காட்டில் கிடைக்கு வலை அடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்படித் திரும்ப அங்கே வந்தார் என்று யோசிக்கவில்லை. ரெண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அண்ணே, அந்த வருஷம் புல்லை மிதித்தது உங்க ஆடு இல்லை, நான்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன், பழியையும் உங்கள் மேல் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த முளைக்குச்சியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை.

"அது முடிஞ்ச கதை டீச்சரம்மா. அந்தப் பிள்ள அப்பவே வந்து சொல்லிருச்சே."

என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் ஆற அமரச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், ஊசி குத்திய கை கன்றிப்போயிருக்க, உன் அண்ணன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாய். தரிசுக்குள் போய்ப் பார்த்திருக்கிறாய். ஈரக் கரிசலில் ஸ்டாண்டு ஊன்றிய குழிகள் மும்மூன்றாகக் கிடந்திருக்கின்றன. நேரே கிடைக்கு வந்து, "நாந்தேண்ணே ஆளுகள உள்ள கூட்டிட்டுப் போனேன். உங்க ஆட்டு மேல பழி வந்துருச்சு, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறாய். மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், முதலாளி கடையில் நின்று அதையே சொல்லியிருக்கிறாய். முதலாளி வந்தவர் போனவர் முன்னால் உன்னைக் கண்டபடி பேசியிருக்கிறார். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, இவரை மறுபடி உள்ளே விடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

"அன்னைக்கு அது ஆஸ்பத்திரில கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அதோட அண்ணன் எங்கூடத்தான் டீ குடிப்பான்" என்றார் அவர். "டீச்சர் காதுக்குப் போயிர வேணாம்ண்ணே, அவங்க தாங்கமாட்டாகன்னு சொல்லுச்சு. சரின்னு விட்டுட்டேன். அம்புட்டுத்தேன்."

எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நான் தாங்கமாட்டேன் என்று முடிவுகட்ட நீ யார்? ஆட்களையெல்லாம் நீ எடுத்துக்கொண்டாய், பேசாமல் இருந்தேன். பறவைகளும் உன் சொல் கேட்டன, அதற்கும் பேசாமல் இருந்தேன். தப்பு ஒன்றாவது முழுக்க என்னுடையது என்று இருந்தால், அதையும் நீ முன்னாலேயே போய் உன் பேரில் எழுதி வாங்கிவிட்டாய். அதற்குமேல், அந்த முதலாளிக்கு இன்றைக்கும் நீதான் குற்றவாளி. அதை அப்படியே விட்டால் நான் மனுஷி இல்லை.

நேற்றுக் காலை டவுனுக்குப் போனேன். முதலாளி நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. அன்றைக்கு நீ எப்படி நின்றாயோ அப்படி நின்றுகொண்டு, அவள் இல்லை, நான், என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பெங்களூர்க்காரர், மறைவலை, ஆட்டுப்பொய், ஒன்றையும் விடவில்லை. எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் திட்டட்டும் என்று தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தம்மாவ அன்னைக்கு என்னென்னமோ பேசிட்டேனே" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கல்லாவில் இருந்த மகனைக் கூப்பிட்டு, செய்யாத தப்புக்கு ஒரு பொம்பள இதே இடத்துல வந்து நின்னாங்கடா, என்ன மனசு அது என்று உன் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கடைக்கு வந்தவர்களும் நின்று கேட்டார்கள். எனக்கு ஒரு டீ வந்தது. என்னைத் திட்ட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

வீட்டுக்குத் திரும்புகிற திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தேன். பாரம் இறங்கிய அழுகை இல்லை, சுத்தப் பொறாமை. நீ இருந்தவரைக்கும் என்றைக்காவது உன்னை ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசையாவது எனக்கு இருந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

சனிக்கிழமை ஆறு பேரையும் வரப்பில் உட்காரவைப்பேன். ஏன் உள்ளே போகக் கூடாது என்று யாராவது கேட்பார்கள், யாராவது ஒருத்தர் கேட்காமல் இருக்கமாட்டார்கள். நான் செய்ததைச் சொல்வேன். சொல்லி முடித்ததும் அவர்கள் என்னைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், உன்னைப் பற்றித்தான் கேட்பார்கள். கேட்கட்டும். உன்னை அவர்களுக்குச் சொல்ல என்னைவிட்டால் வேறு ஆள் கிடையாது. அதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.